மாதம் 75 ரூபாய்

சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்த நாள் 1857 செப்டம்பர் 5. பிறந்து அரை நூற்றாண்டு ஆகும்வரை அது பாடம் நடத்தவில்லை, ஆராய்ச்சியும் செய்யவில்லை. கல்லூரிகள் சொல்லிக்கொடுக்கும், பல்கலைக்கழகம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும். சேப்பாக்கம் கடற்கரையைப் பார்த்தபடி ராபர்ட் சிஸ்ஹோம் கட்டிய செனட் ஹவுஸ் 1879இல் முடிந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் வெகுகாலம் நடந்ததெல்லாம் பரீட்சையும் பட்டமளிப்பும்தான். 1904இல் வந்த இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பல்கலைக்கழகங்களே பேராசிரியர்களை நியமிக்கலாம், ஆராய்ச்சியை வளர்க்கலாம் என்று சொன்னது. சொன்னது சட்டப் புத்தகத்தில் இருந்தது. சென்னையில் அந்த வரிக்கு உயிர் வந்தது 1913இல், கல்லூரியின் எஃப்.ஏ. (ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்) பரீட்சையில் தேறாத ஒரு துறைமுக குமாஸ்தாவால்.

அந்தக் குமாஸ்தா ராமானுஜன். அவருடைய கதை யாருக்குத்தான் தெரியாது? நாமக்கல் தாயாரும் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் கேம்பிரிட்ஜும் பள்ளிப் புத்தகத்திலேயே வந்துவிடுகின்றன. நான் கும்பகோணத்துக்காரி. கணக்கு படித்து, கணக்கு சொல்லிக்கொடுத்து, ஆராய்ச்சி மாணவர்களுக்கு கைடாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பணம். யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், என்ன நிபந்தனை போட்டார்கள், வீட்டுக்கு எவ்வளவு போனது. இந்த நான்கு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த ஊரில் ஆராய்ச்சி என்ற தொழில் எப்படி உண்டாயிற்று என்பது தெரியும்.

முதலில் நிறுத்தப்பட்ட பணம். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேரும்போது ராமானுஜனுக்கு உதவித்தொகை இருந்தது. கணக்கைத் தவிர மற்ற எதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் போயிற்று, உதவித்தொகையும் போயிற்று. பருவத்துக்கு 32 ரூபாய் சம்பளம் கட்டியாக வேண்டும். துணிக்கடையில் கணக்கு எழுதிய அப்பாவின் வருமானம் மாதம் 20 ரூபாய் அளவில் இருந்த வீடு அது. பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறியது அதற்குப் பிறகுதான். அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. பரீட்சை வைப்பது ஒன்றே பல்கலைக்கழகத்தின் வேலையாக இருந்த காலத்தில், பரீட்சையில் தேறாதவனுக்கு அதன் வாசலில் எந்த வேலையும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த பணமெல்லாம் தனி மனிதர்களுடையது. திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். தாலுகா ஆபீசில் ஒரு வேலை கேட்டுப் போனவரின் நோட்டைப் பார்த்துவிட்டு, இந்த மூளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து மூச்சு முட்டவைக்க மனமில்லாமல், சென்னையிலிருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது ராமானுஜன் சொன்னது, சாப்பாட்டுக்கு அலையாமல் தன் கணக்கில் மூழ்கிக் கிடக்க வழி வேண்டும் என்பதுதான். ராவ் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் அது வந்தது.

என் அப்பா தபால்காரர். மணியார்டர் எந்தத் தேதியில் எந்த வீட்டுக்கு வரும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு வாரம் தள்ளிப்போனால் வாசலில் நிற்பவர்களின் முகம் எப்படி மாறும் என்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லுவார். தனி மனிதரின் தயவில் வரும் பணத்துக்கு இன்னொரு பாரமும் உண்டு: வாங்குகிறவர் ஒவ்வொரு மாதமும் கடன்படுகிறார். ராமானுஜன் அதை நெடுநாள் தாங்க விரும்பவில்லை. வேலை தேடினார். 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா ஆனார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணக்கில் தேர்ந்தவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். இரண்டு பேரும் அந்த குமாஸ்தாவின் நோட்டுகளைக் கோப்புகளைவிட உயர்வாக நினைத்தார்கள். அது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

1913 பிப்ரவரி கடைசி வாரம் வானிலைத் துறையின் தலைமை இயக்குநர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணக்கு படித்தவர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று தேடியவர். ஸ்பிரிங் அவரிடம் நோட்டுகளைக் காட்டினார். மறுநாளே வாக்கர் பல்கலைக்கழகப் பதிவாளர் பிரான்சிஸ் ட்யூஸ்பரிக்கு எழுதினார். இந்த மனிதர் சில ஆண்டுகளாவது, பிழைப்பைப் பற்றிய கவலையில்லாமல், முழுநேரமும் கணக்கில் செலவிடப் பல்கலைக்கழகம் வழி செய்வது நியாயம் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை இன்றுவரை நான் படித்ததில்லை. பரிசு, சம்பளம், தருமம் என்ற எந்தப் பெயருக்கும் அதில் இடமில்லை. கவலையற்ற நேரத்தை வாங்கிக் கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

மார்ச்சில் கணிதப் பாடக்குழு கூடியது. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஹனுமந்த ராவ் தலைவர். மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகள் என்று பரிந்துரைத்தார்கள். பிறகு விஷயம் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டுக்குப் போனது. அங்கே விதி குறுக்கே நின்றது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு, இவரோ எஃப்.ஏ. கூடத் தேறாதவர். விதியைப் படித்துக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர் எழுந்தார். சட்டத்தின் முகவுரை ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் வேலை என்று சொல்கிறது. இவருடைய கல்வித் தகுதி எப்படி இருந்தாலும் கணித ஆராய்ச்சிக்கு இவர் தகுதியானவர் என்பது நிரூபணமாகிவிட்டது என்று வாதிட்டார். முகவுரையைக் காட்டி உள்விதியை வென்ற அந்த வாதம் ஏற்கப்பட்டது. 1913 மே 1 முதல் ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர். துறைமுகக் கழகம் இரண்டு ஆண்டுக்குச் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது. திரும்பி வந்தால் வேலை இருக்கும்.

குமாஸ்தாவாக வாங்கிய 30 ரூபாய்க்கு 75 ரூபாய் இரண்டரை மடங்கு. திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோவில் தெருவில் அம்மா, மனைவியோடு குடியிருக்கலாம். பகலெல்லாம் கணக்குப் போடலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். ஆகஸ்டிலும் நவம்பரிலும் அடுத்த மார்ச்சிலும் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். தொகையீடுகளைக் கணிக்க அவர் கண்டுபிடித்த பெருந்தேற்றம் அவற்றில்தான் விரிவாக இருக்கிறது. உதவித்தொகைக்காக எழுதப்பட்ட அறிக்கை ஒன்று எழுபது ஆண்டு கழித்தும் கணித இதழ்களில் ஆராயப்படுவது வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை. மூல அறிக்கைகள் பின்னால் காணாமல் போயின. டி. ஏ. சதகோபன் என்பவர் 1925இல் கையால் பார்த்தெழுதிய பிரதி பிழைத்திருந்ததால்தான் 1980களில் புரூஸ் பெர்ன்ட் அவற்றுக்கு நிரூபணம் எழுத முடிந்தது. கோப்பைப் பாதுகாக்க வேண்டிய இடம் தவறவிட்டதை ஒரு தனி மனிதரின் பேனா காப்பாற்றியது. அவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்!

1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து ஈ. எச். நெவில் சொற்பொழிவாற்றச் சென்னை வந்தார். ராமானுஜனை அழைத்துப் போவது அவருக்கு அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டி கொடுத்த வேலை. பணத்தை மட்டும் இங்கிலாந்து கொடுக்கவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிய பணம் சென்னைப் பணம். பதிவாளருக்கு நெவில் எழுதினார், மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் தொகையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். ஆண்டுக்கு 250 பவுன், கப்பலுக்கும் உடுப்புக்கும் தனியாக 100 பவுன். சிண்டிகேட் 10,000 ரூபாய் ஒதுக்க ஒப்புக்கொண்டது. அதற்கு அரசின் இசைவு வேண்டும். ஸ்பிரிங் கவர்னரின் அந்தரங்கச் செயலருக்குக் கடிதம் எழுதினார். கவர்னர் பென்ட்லண்ட் பிரபு தடை சொல்லவில்லை. ஜனவரி முடிவில் கேட்ட பணம், மார்ச் 17ஆம் தேதி 'நெவாஸா' கப்பல் புறப்படும் முன் தயாராக இருந்தது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி தன் பங்காகக் கொடுத்தது ஆண்டுக்கு 60 பவுன்.

250 பவுனில் 50 பவுன் கும்பகோணத்துக்கு. மாதாமாதம் அம்மாவின் கைக்கு ஏறக்குறைய 60 ரூபாய் போய்ச் சேர ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர் கப்பல் ஏறினார். ஆராய்ச்சிப் பணம் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு மட்டும் என்று இந்த நாட்டில் எப்போதுமே இருந்ததில்லை. முதல் உதவித்தொகையே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது. நான் கைடாக இருந்த பிள்ளைகளில் வீட்டுக்குப் பணம் அனுப்பாதவர்கள் மிகச் சிலர். தங்கையின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் சர்க்கரை மாத்திரை, நகைக்கடன் வட்டி. ஃபெல்லோஷிப் வந்த மாதம் அவர்கள் நிமிர்ந்து நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுக்கென்று கொடுத்ததைப் பல்கலைக்கழகம் நீட்டித்துக்கொண்டே போனது. 1918இல் ராமானுஜன் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ (எஃப்.ஆர்.எஸ்.) ஆனார், டிரினிட்டி ஃபெல்லோ ஆனார். உடல்நிலை கெட்டுப்போய் இருந்தது. ஊர் திரும்பும் அவருக்கு 1919 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுக்கு, ஆண்டுக்கு 250 பவுன் என்று சென்னை முடிவு செய்தது. இந்த முறை நிபந்தனை எதுவுமில்லை. அதற்கு அவர் 1919 ஜனவரி 11 அன்று, சிகிச்சை பெற்றுவந்த இடத்திலிருந்து ட்யூஸ்பரிக்கு எழுதிய பதிலை என் மாணவர்கள் எல்லோரையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன். இது என் தேவைக்கு மிக அதிகம். ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குப் போகட்டும். என் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கிக் கொடுக்கவும் செலவிடுங்கள் என்பது அதன் பொருள். 32 ரூபாய் சம்பளம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டவர் எழுதிய கடிதம். மிச்சம் பிடிக்கக் காலம் இருக்கவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார், வயது 32. மனைவி ஜானகி அம்மாளுக்குப் பல்கலைக்கழகம் ஓய்வூதியம் கொடுத்தது. அவர் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து அந்தச் சிறு தொகைக்கு ஈடுகட்டிக்கொண்டு 1994 வரை வாழ்ந்தார். கண்ணியமான அந்த உழைப்பும் இந்த வரலாற்றின் ஒரு பக்கம்தான்.

ராமானுஜனுக்கு உதவித்தொகை கிடைத்த அதே 1913இல் இன்னொரு பெரிய செலவும் தொடங்கியது. தமிழ்ப் பேரகராதி. அமெரிக்க மிஷனரி ஜே. எஸ். சாண்ட்லர் மதுரையில் அலுவலகம் போட்டார். 1 லட்சம் ரூபாயில் முடியும் என்று மதிப்பிட்டார்கள். பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையின் காலத்தில் 1936இல் முடிந்தபோது செலவு 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பணம் வீணென்று தமிழ் படித்த எவரும் சொல்லமாட்டார்கள். முதல் மதிப்பீடு தீர்ந்த அன்றே கதவை மூடியிருந்தால் பாதிச் சொல் நம் கைக்கு வந்திருக்காது.

ராமானுஜனுக்குத் திறந்த வழியில் மற்றவர்களும் வந்தார்கள். 1915இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து அவரவர் கிராமத்தை அளந்து வரச் சொன்னார். அதிலிருந்து 1918இல் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூல் வந்தது. பெரிய நிதி இல்லாமல், மாணவர்களின் உழைப்பில் எழுந்த நல்ல ஆராய்ச்சி. கணிதத்தில் டி. விஜயராகவன் 1925இல் ஹார்டியின் முயற்சியால் சென்னைப் பல்கலைக்கழக உதவியோடு ஆக்ஸ்ஃபோர்டு போனார். செங்கோட்டைப் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, சிறு வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளி முடிக்கும் ஆண்டில் தந்தையும் போய்விட்டார். 1927இல் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று ஆனந்த ராவிடமும் வைத்தியநாதசுவாமியிடமும் வேலை செய்தார். எண் கோட்பாட்டின் வாரிங் கணக்கில் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1950 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் மாண்டார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

இந்தப் பட்டியலில் பெண்களைத் தேடினால் ஏமாற்றம்தான். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த இன்னொரு ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்று மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகையில் அமெரிக்கா போய் 1931இல் முனைவரானார். கரும்பு இனப்பெருக்கத்தில் பிற்பாடு இந்த நாட்டுக்கே பெருமை சேர்த்தவர் அவர். அவரை ஆராய்ச்சியாளர் ஆக்கிய பணம் கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பல்கலைக்கழகத்தின் பொற்காலம் லட்சுமணசுவாமி முதலியாருடையது. 1942 முதல் 1969 வரை துணைவேந்தர். 1952இல் ஜி. என். ராமச்சந்திரன் 30 வயதில் இயற்பியல் துறைத் தலைவராக வந்தபோது ஆய்வுக்கூடம் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து எழும்ப வேண்டியிருந்தது. முதலியார் கேட்டதைக் கொடுத்தார். அடையாற்றில் பக்கத்திலேயே இருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் வாங்கி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் அதன் மும்முறுக்கு அமைப்பை அறிவித்தார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இரண்டு இளைஞர்களோடு அவர் வரைந்த வரைபடம் இன்று உலகெங்கும் புரதம் படிக்கும் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கிறது.

கணிதத்துக்கு அந்தக் காலத்தில் நேர்ந்தது வேறு மாதிரி. அழகப்பச் செட்டியார் 1950இல் சொந்தப் பணத்தில் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கி விஜயராகவனை இயக்குநராக வைத்தார். 1955இல் விஜயராகவன் போனார், 1957இல் செட்டியார் போனார். வள்ளலின் கை நின்றால் நிறுவனமும் நிற்கும் நிலை. சிகாகோவிலிருந்து வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் பிரதமர் நேருவுக்கு எழுதினார். நேரு கைகொடுத்தார், நிறுவனம் 1957இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 1967இல் பல்கலைக்கழக மானியக்குழு உதவியோடு கணிதத்துக்கான உயர் ஆய்வு மையமாயிற்று. ராமச்சந்திர ராவின் 25 ரூபாய்க்கும் செட்டியாரின் நிறுவனத்துக்கும் வந்த இக்கட்டு ஒன்றுதான். தனி மனிதரின் மனம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவருக்குப் பிறகும் பணம் வர வேண்டுமென்றால் ஒரு பொது அமைப்பு பொறுப்பேற்றாக வேண்டும்.

அந்தப் பொறுப்பை ஏற்கத்தான் பல்கலைக்கழக மானியக்குழு வந்தது. 1953 டிசம்பரில் தொடங்கி 1956இல் சட்ட அமைப்பானது. நான் ஆராய்ச்சி செய்தது அதன் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். பணத்தில். நான் சேர்ந்த இடம் வேறு. அதன் பெயர் இங்கே வேண்டாம். தேர்வில் தேறியாயிற்று, ஜாயினிங் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று, பணம் மட்டும் வரவில்லை. முந்தைய ஆண்டுக் கணக்கு போகவில்லை, யூட்டிலைசேஷன் சர்ட்டிஃபிகேட் கையெழுத்தாகவில்லை, கிளார்க் விடுப்பில் இருக்கிறார். மாதங்கள் போன பிறகு அரியர்ஸாக மொத்தமாக வந்தது. அதற்குள் விடுதி மெஸ் பில்லுக்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாள். எங்கள் எல்லோரையும்விட கெட்டிக்காரி. தொகை போதவில்லை என்பதற்காக அவள் போகவில்லை. எந்தத் தேதியில் வரும் என்று வீட்டில் சொல்ல முடியாததால் போனாள். பின்னால் கைடாக ஆனதும் என் மாணவர்களின் படிவங்களை ஒரு நாள்கூட மேசையில் தங்கவிட்டதில்லை.

தொகை உயர்ந்திருக்கிறது. ஜே.ஆர்.எஃப். 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். ஒவ்வொரு உயர்வுக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. ஆனால் இது தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் மேல் வரிசையில் தேறும் சிலருக்கு. நெட் இல்லாதவர்களுக்கான மாதம் 8,000 ரூபாய் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த முயன்றபோது டெல்லியில் மானியக்குழு வாசலில் மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் முழுநேர முனைவர் பட்டத்துக்குச் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த 8,000 கூட ஒருபோதும் இருந்ததில்லை. அவர்கள் காலையில் டியூஷன், மாலையில் தனியார் கல்லூரியில் மணிக்கணக்குப் பாடம் என்று ஓடிவிட்டு ராத்திரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள். 1904 சட்டத்தைக் கொண்டு முதல் ஆராய்ச்சி மாணவரை எடுத்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளே 2024 பிப்ரவரியில் வரிப் பாக்கிக்காக வருமான வரித் துறையால் முடக்கப்பட்டன.

தமிழக அரசு இப்போது முதலமைச்சர் பெயரில் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. அதுவும் தேர்வெழுதித் தேறுபவர்களுக்கு. வரவேற்கிறேன், எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கூடவே ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகமும் தன் சொந்த வரவுசெலவில், நெட் தேறினாலும் தேறாவிட்டாலும், முழுநேர ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்ட ஒவ்வொருவருக்கும் விடுதிக் கட்டணத்துக்கும் வீட்டுக்கு அனுப்பவும் போதுமான ஒரு தொகையை மூன்றாண்டுக்கு ஒதுக்க வேண்டும். கைடு கையெழுத்து போட்ட அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். பணம் மட்டும் மாதம் பிறந்து 5ஆம் தேதிக்குள் கணக்கில் ஏற வேண்டும்.